நூற்றுக்கு நாற்பத்தொன்று

ஐப்பசி 4, செவ்வாய்

காலையில் மாரியம்மன் கோயிலில் காப்புக் கட்டிக்கொண்டேன். இது பத்தாவது வருடம். செருப்பைக் கோயில் வாசலிலேயே விட்டுவிட்டு வெறுங்காலோடு கடைக்கு வந்தேன். இருபதாம் தேதி வியாழக்கிழமை விடியலில் குண்டம் இறங்கித் தணலில் நடக்க வேண்டும். அதுவரை கவிச்சி இல்லை, மெத்தை இல்லை, ஊர் எல்லை தாண்டி இரவு தங்கக் கூடாது.

குப்பண்ணப் பூசாரி ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் மஞ்சள் கயிற்றைச் சுற்றும்போது "கால் சுத்தம், வாய் சுத்தம்" என்று சொல்லித்தான் முடிச்சுப் போடுவார். என் முறை வந்ததும் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "யாவாரிக்குக் கால் சுத்தம் மட்டும் போதும்னு ஆத்தா உத்தரவு குடுத்துட்டாளாமப்பா" என்றார். வரிசையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

இந்த டைரி விதைக் கம்பெனிக்காரர்கள் கொடுத்தது. முளைப்புக் கணக்கு எழுதத்தான் வைத்திருக்கிறேன். எந்த மூட்டை வந்தாலும் நூறு விதையை எண்ணி எடுத்து, ஈரச் சாக்கில் பத்துப் பத்தாக வரிசை வைத்துச் சுருட்டி, நிழலில் போட்டுவிடுவேன். ஐந்தாம் நாள் பிரித்து, முளைத்தவற்றை எண்ணி எழுதுவேன். சைக்கிளில் புளி விற்றுக்கொண்டிருந்தவன் சொந்தமாக விதைக்கடை வைத்தது இந்தச் சாக்கின் தயவில்தான். வையாபுரி கடை விதை பொய்க்காது என்று சுற்று வட்டாரத்தில் பேர். விரத நாளில் பொழுது மிச்சம் இருக்கிறதே, மற்றதையும் இதில் எழுதுவோம் என்று உட்கார்ந்தேன்.

ஆனி மாதத்தில் ஒரு தாள் இல்லை. திருநீறு மடிக்கக் கிழித்தேன்.

ஐப்பசி 5, புதன்

வேடிக்கை. மேட்டுக்காட்டு அம்மாள் ஒருத்தி கொத்தமல்லி விதை கேட்டாள். டப்பாவில் இருந்தது போன வருடத்தது. "மொளைக்குமுங்களா?" என்றாள். வாயைத் திறக்கும்போது காப்புக் கயிறு கண்ணில் பட்டது. "இது ரசத்துக்குத்தான் ஆகும். புதுசு சனிக்கிழமை வருது" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் பகீர் என்றது. ஒன்பது வருடமாக இதே கயிற்றைக் கட்டிக்கொண்டு எத்தனை டப்பாக்களைத் தள்ளிவிட்டிருக்கிறேன்! கடைப் பேச்சு பொய்க் கணக்கில் சேராது என்பது என் கட்சி.

அந்த அம்மாள் கோபித்துக்கொண்டு போகவில்லை. "அப்ப சனிக்கெழம வாறேன்" என்று போனாள். ஒரு சின்ன உண்மைக்கு மனது இவ்வளவு லேசாகும் என்று தெரியாது. ஊறுகாய் மாதிரி இருந்தது. இன்னும் கொஞ்சம் தொட்டுக்கொள்ளலாம் போல.

சாயங்காலம் கோயில் கம்பத்துக்குப் பெண்கள் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். அதில் அத்தியப்பனின் மருமகள் கோகிலாவும் நின்றாள். அவள் கையிலும் காப்பு. நான் வேறு வழியாக வந்துவிட்டேன்.

ஐப்பசி 6, வியாழன்

அந்த விஷயத்தையும் எழுதிவிடுகிறேன். ஒளிக்க என்ன இருக்கிறது?

ஆனி பன்னிரண்டாம் தேதி. நல்ல மழை பெய்து காடெல்லாம் பதமாக இருந்த நேரம். அத்தியப்பன் கடைசி ஆளாக வந்து இரண்டு ஏக்கருக்கு நிலக்கடலை விதை கேட்டார். முன் குடோன் காலி. பின் குடோனில் இருந்ததைக் கொடுத்தேன். அவர் வீட்டில் அப்போதுதான் கல்யாணம் முடிந்திருந்தது. முதல் சாலில் புது மருமகள் கையால் விதை போடச் சொன்னார்களாம். கைராசி பார்ப்பது இங்கே எல்லோருக்கும் உள்ள பழக்கம். பதினைந்து நாள் கழித்துப் பார்த்தால் காடு பாதிக்கு மேல் சொட்டை.

அத்தியப்பன் மாமன் மச்சான்களோடு கடைக்கு வந்துவிட்டார். கடை நிறையக் கூட்டம். நான் சொன்னது இவ்வளவுதான்: "இதே கடை வெத பக்கத்துக் காட்டுல பச்சப் பசேல்னு நிக்குது. வெத மேல என்ன குத்தம்? மொதக் கை யாரு போட்டது?"

ஒரு பேச்சுக்குக் கேட்டது. அதற்கு மேல் ஒரு வார்த்தை நான் பேசவில்லை. மற்றதையெல்லாம் அவர்களே பேசிக்கொண்டார்கள். ஆடிக்கு அம்மா வீட்டுக்குப் போன பெண்ணை இதுவரை திரும்பக் கூப்பிடவில்லை.

ஐப்பசி 7, வெள்ளி

கோகிலா கடைக்கே வந்துவிட்டாள்.

"ஏனுங் மாமா, வெண்டை வெத இருக்குதுங்களா? பத்தே பத்து போதுமுங்க."

பத்து விதை யார் வாங்குவார்கள் என்று கேட்டேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். "அம்மா வீட்ல பழைய பக்கெட்டு ஒண்ணு ஓட்டையாக் கெடக்குதுங்க. மண்ணு ரொப்பி வெச்சுட்டேன். எங்கை நெசமாவே ராசியில்லாத கையான்னு போட்டுப் பாத்துக்கலாம்னுதான். உங்க கடை வெதன்னா பொய்க்காதுன்னு எல்லாருமே சொல்றாங்க. உங்க வெதையிலயே மொளச்சுட்டா என்ற மனசுக்கு ஒரு தெம்பு."

புது டப்பாவை உடைத்து, கொழுத்த விதையாகப் பத்துப் பொறுக்கிக் கொடுத்தேன். காசு வேண்டாம் என்றேன். "சும்மா வாங்குன வெத மொளைக்காதுங்க மாமா" என்று ஒரு ரூபாயை மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

சாப்பாடு இறங்கவில்லை. விரதம் என்று பூங்காவனத்திடம் சொன்னேன். மதியம் விரதச் சாப்பாடு உண்டு என்பது என் மனைவிக்குத் தெரியாதா? இலையை மடித்து எடுத்துப் போனாள்.

ஐப்பசி 8, சனி

கொத்தமல்லி அம்மாள் வந்தாள். கூடவே மூன்று பேரைக் கூட்டி வந்தாள். கீரை விதையில் பூச்சி இருக்கிறது என்று நானே காட்டித் திருப்பி வைத்தேன். தக்காளி நாற்று இரண்டு நாள் வாடியது என்பதையும் சொன்னேன். நாக்கு பழகிக்கொண்டு வருகிறது.

ஐப்பசி 10, திங்கள்

பூங்காவனம் கோயிலிலிருந்து ஒரு சேதி கொண்டு வந்தாள். அத்தியப்பன் மனைவி நல்லம்மாள் எல்லோருக்கும் முன்னால் சொல்லியிருக்கிறாள்: "மருமக ஆத்தா சன்னதியில பூவாரட்டும். கை சுடாம வந்தா நானே ஆரத்தி எடுத்து ஊட்டுக்குக் கூட்டிக்கறேன்."

குண்டத்துத் தணலை இங்கே பூ என்றுதான் சொல்வோம். ஆண்கள் இறங்கி முடித்ததும், வேண்டுதல் உள்ள பெண்கள் கரையில் உட்கார்ந்து இரண்டு கையாலும் தணலை வாரி மேலே வீசுவார்கள். வழக்கமாக மின்னல் மாதிரி ஒரே வீச்சு. கோகிலா மூன்று தரம் நிறைய அள்ள வேண்டும் என்கிறாளாம் நல்லம்மாள்.

குண்டம் இறங்குவதன் சூட்சுமம் எனக்குத் தெரியும். பதினோரு எட்டு. தயங்காமல் போனால் சுடாது. நின்றவனைத்தான் சுடும். கையில் நிறைய அள்ளுவதென்றால் அந்த நேரம் நின்றதாகத்தான் கணக்கு. அந்தப் பெண் தன் கை சுத்தம் என்று காட்டுவதற்காகச் வேண்டுமென்றே கூடுதல் நேரம் தணலைக் கையில் வைத்திருப்பாள். அவளைப் பார்த்தாலே தெரிகிறது.

அம்மனிடம் ஒரு வார்த்தை போட்டு வைத்தேன். தாயே, அந்தப் புள்ள கை சுடாமல் பார்த்துக்கொள், உனக்கு வெள்ளியில் ஒரு கை செய்து வைக்கிறேன். கை சுடாவிட்டால் அவளை வீட்டில் சேர்த்துக்கொள்வார்கள். யாரும் யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டியிருக்காது.

பேரம் படிந்த மாதிரி தெரியவில்லை.

ஐப்பசி 11, செவ்வாய்

சாலை வளைவில் இருக்கும் போட்டி விதைக்கடைக்காரனிடம் போய், அவன் கடையில் வெங்காய விதை கலப்படம் என்று போன தையில் கிளப்பிவிட்டது நான்தான் என்று சொன்னேன். "அது அப்பவே தெரியுமுங்களே" என்றான். டீ வாங்கிக் கொடுத்தான். இப்படியும் ஆள் இருக்கிறார்கள்.

இவ்வளவு சொல்கிறவன் அந்த ஒன்றைச் சொல்லவில்லை. சில்லறையாகக் கட்டிக்கொண்டே போனால் அசலை மறந்துவிடுவார்கள் என்று நினைப்போ என்னவோ.

ஐப்பசி 13, வியாழன்

கோகிலா வந்தாள். வாசல்படி ஏறும்போதே, "பத்துல ஒம்பது மாமா!" என்றாள். முகம் பூராவும் வெளிச்சம். கடையில் நின்றவர்களுக்கும் கேட்டது.

"பொறவு என்ன? உங்கையில ஒரு கொறையும் இல்ல" என்றேன். மனதாரச் சொன்னேன்.

அவள் வெளிச்சம் கொஞ்சம் குறைந்தது. "இருந்தாலும் அது பக்கெட்டு, காடு இல்லீங்களே மாமா. அந்தப் பத்தாவது ஏன் மொளைக்கலைன்னு தோண்டிப் பாத்தேன். மக்கிக் கெடக்குது. காட்டுலயும் தோண்டிப் பாத்தப்ப இப்படித்தான் மக்கிக் கெடந்துச்சாம். எங்கையில ஏதோ சூடு இருக்குது போல. பூவாருனாத்தான் தெரியும்."

பத்துக்கு ஒன்பது முளைத்தும் அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. நான் ஒரு பேச்சுக்குக் கேட்ட கேள்வி அவளுக்குள் அவ்வளவு ஆழத்தில் இறங்கியிருக்கிறது. அது மட்டும் பழுதில்லாமல் முளைத்துவிட்டது.

ஐப்பசி 15, சனி

அத்தியப்பன் காட்டுக்குப் போனேன். சொல்லிவிடுவது என்றுதான் போனேன். வெறுங்காலில் நெருஞ்சி முள். கிணற்று மேட்டில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து துண்டை உதறி இடம் போட்டார்.

"வாங்க வாங்க. காப்புக் கட்டுன காலோட இம்புட்டுத் தூரம் எதுக்குங்க? சொல்லி உட்டிருந்தா நானே வந்திருப்பனே."

"மழை எப்படி இந்தப் பக்கம்?" என்றேன்.

மழையைப் பற்றி அரை மணி நேரம் பேசினோம். மோர் குடித்துவிட்டு வந்துவிட்டேன். இதை எழுதும்போது கை கூசுகிறது. மோரையாவது வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம்.

ஐப்பசி 17, திங்கள்

ஆனி மாதத் தாளைத் திருநீறு மடிக்கக் கிழித்ததாக எழுதியிருக்கிறேன். பொய். சொந்த டைரிக்கே பொய் சொல்லியிருக்கிறேன்.

தாள் கல்லாப் பெட்டியின் அடித்தட்டில் இருக்கிறது. முளைப்புக் கணக்கைத் தூக்கிப் போட எனக்கு மனம் வராது, அதனால் மறைத்து மட்டும் வைத்தேன். அதில் என் கையெழுத்தில் இருப்பது: "ஆனி 9. பின் குடோன் கடலை, போன வருடக் காய். நூற்றுக்கு நாற்பத்தொன்று."

ஒன்பதாம் தேதி எண்ணினேன். பன்னிரண்டாம் தேதி விற்றேன். தெரியாமல் நடந்தது இல்லை. மழை ஈரம் காய்வதற்குள் விதைக்க வேண்டும் என்று பதறி வந்த மனிதரிடம், நெருக்கிப் போட்டால் வந்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு எடைபோட்டேன். மற்றவர்களுக்கெல்லாம் முன் குடோன் சரக்கு. அதனால்தான் பக்கத்துக் காடு பச்சையாக நின்றது. அதைச் சாட்சிக்கு வேறு கூப்பிட்டேன்.

ஐப்பசி 18, செவ்வாய்

பூங்காவனத்திடம் சொன்னேன். தாளைக் காட்டினேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றபடியே படித்தாள்.

"நாலு மாசமா எங்கிட்டயும் சொல்லலீங்களே" என்றாள்.

"எப்படிச் சொல்றது?"

"மொதக் கை யாரு போட்டதுன்னு எட்டூருக்குக் கேக்கச் சொல்லத் தெரிஞ்சுதல்ல? அந்தக் குரல்லயே சொல்லுங்க. அந்தப் புள்ள கை வெந்துபோச்சுன்னா, அந்தக் கடைச் சோறு எனக்கு வேண்டாமுங்க."

பிறகு முள் குத்திய என் காலை இழுத்து வைத்து, மஞ்சளைச் சுட்டுப் போட்டாள். முகத்தைப் பார்க்கவில்லை.

ஐப்பசி 19, புதன்

அத்தியப்பன் வீட்டுக்கு இரண்டு தரம் போனேன். முதல் தரம் பூட்டியிருந்தது. இரண்டாம் தரம் திறந்திருந்தது. தெருமுனையிலேயே திரும்பிவிட்டேன்.

ஐப்பசி 20, வியாழன்

எழுதி முடிக்கிறேன், எப்படி வருகிறதோ வரட்டும்.

விடியலில் குளித்து ஈரவேட்டியோடு வரிசையில் நின்றேன். மடியில் ஆனி மாதத் தாள், நனையாமல் இருக்கப் பிளாஸ்டிக் பையில். குண்டம் சிவப்பாகத் தகதகத்தது. பூசாரி முதலில் இறங்கினார். அடுத்து இரண்டு பேர். நான் நான்காவது. எதிர்க் கரையில் பெண்கள் மஞ்சள் சேலையில் உட்கார்ந்திருந்தார்கள். கோகிலா இரண்டு கைகளையும் மடியில் மல்லாத்தி வைத்து, அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். பரீட்சைக்குப் போகிற பிள்ளை பேனாவைப் பார்க்கிற மாதிரி.

என் முறை வந்தது. பழகிய கால் எட்டு வைக்கத் துடித்தது. இறங்கிவிட்டால் சுலபம். அந்தக் கரைக்குப் போனதும் தண்ணீர் ஊற்றுவார்கள், காலில் விழுவார்கள், அப்புறம் என் வாய் திறக்காது. அது எனக்குத் தெரியும். வரிசையை விட்டு விலகினேன்.

"வையாபுரிக்குக் கால் கூசுது டோய்!" என்று யாரோ கத்தினார்கள். சிரிப்பு.

குண்டத்தைச் சுற்றிக்கொண்டு போய் அத்தியப்பன் முன்னால் நின்றேன். "மருமகளப் பூவார வேண்டாம்னு சொல்லுங்க. அந்தப் புள்ள கையில குத்தமில்ல. நாங்குடுத்த வெதையிலதான் குத்தம்."

மேளம் நின்றுவிட்டது. பிறகு நடந்ததை நான் கனவிலும் நினைக்கவில்லை. அத்தியப்பன் கண் கலங்கிவிட்டது. கையெடுத்துக் கும்பிட்டார்.

"பாத்தீங்களா! காப்புக் கட்டுன மனுசன்! ஒரு பொண்ணு கை சுடக் கூடாதுன்னு பழியத் தன் தலையில போட்டுக்கறாரு! அன்னைக்குக் காட்டுக்கு நடந்து வந்ததும் இதுக்குத்தானா?"

"ஆத்தா இவரு நாக்குல நின்னு சொல்றா" என்று ஒரு கிழவர். நல்லம்மாள் குலவையிட்டாள். "ஆத்தா வாக்கு வந்தாச்சு, என்ற மருமக பூவார வேண்டாம்!" என்றாள். நாலு பேர் என் காலைத் தொட்டார்கள். அவள் கை தப்பியது. என் பேரும் தப்பியது. பத்து நாளைக்கு முன்னால் வெள்ளிக் கை பேரத்தில் நான் கேட்டது எல்லாமே கிடைத்துவிட்டது, வட்டியோடு.

வாயை மூடிக்கொண்டால் போதும். வெட்கமாக இருந்தாலும் எழுதுகிறேன், ஐந்தாறு மூச்சு நேரம் மூடிக்கொண்டுதான் நின்றேன். அந்தக் கும்பிடு இனித்தது.

அப்போது கோகிலா எழுந்து வந்து என் முன்னால் கை கூப்பினாள். "ரொம்ப நன்றிங்க மாமா. ஆனாலும் எனக்காகப் பொய் சொல்லாதீங்க. விரதம் கெட்டுப்போகும். நான் வாரிக்கறேன்."

அவள் நம்பவில்லை. எல்லோரையும் போல அவளும் என்னை நல்லவன் என்று நினைத்தாள். தன் கையில்தான் குறை என்று நினைத்துக்கொண்டே இருக்கப் போகிறாள், சாகிறவரைக்கும்.

கொத்தமல்லி டப்பா ஞாபகம் வந்தது. இது ரசத்துக்குத்தான் ஆகும். எப்படி அவ்வளவு லேசாக வந்தது அந்த வாக்கியம்! அதே குரலைத் தேடி எடுத்தேன். மடியிலிருந்து தாளை எடுத்துப் பூசாரியிடம் கொடுத்து, உரக்கப் படிக்கச் சொன்னேன். அவர் எழுத்துக்கூட்டிப் படித்தார். தேதி, பின் குடோன், போன வருடக் காய், நூற்றுக்கு நாற்பத்தொன்று.

"ஒம்பதாந்தேதி எண்ணுனேன். பன்னெண்டாந்தேதி வித்தேன். தெரிஞ்சே வித்தேன்" என்றேன். "கடையில வந்து கேட்டப்ப, சரக்கக் காப்பாத்த இந்தப் புள்ள கையக் காட்டி உட்டேன்."

இப்போது யாரும் என் காலைத் தொடவில்லை. அத்தியப்பன் கும்பிட்ட கையை மெல்ல இறக்கினார். அந்தக் கை இறங்கியதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. அடித்திருக்கலாம். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "கெணத்து மேட்டுல ஒக்காந்து எங்க மோரக் குடிச்சீங்களேய்யா" என்றார். அவ்வளவுதான்.

கோகிலா தாளை வாங்கி இரண்டு தரம் படித்தாள். "நான் வெண்டை வெத வாங்க வந்தன்னைக்கும் இது உங்களுக்குத் தெரியும்" என்றாள். கேள்வி இல்லை அது. "பத்துல ஒம்பதுன்னு சொல்ல வந்தன்னைக்கும்."

"தெரியும்."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். நல்லம்மாள் பக்கம் திரும்பினாள். "அத்தை, காப்பு நான் ஆத்தாளுக்குக் கட்டுனது. ஒரு தரம் வாருவேன், வழக்கம் எப்படியோ அப்படி. மூணு தரம் இல்ல" என்றாள். போய் உட்கார்ந்து, நொடியில் ஒரே வீச்சு. தணல் சிதறி விழுந்தது. கையைத் தூக்கி யாருக்கும் காட்டவில்லை. சேலையில் துடைத்துக்கொண்டு தன் அம்மாவோடு நடந்தாள். அவள் புருஷன் பின்னாலேயே ஓடினான்.

பூசாரி என்னைப் பார்த்து, "எறங்கறியாப்பா?" என்றார். வேண்டாம் என்று தலையாட்டினேன்.

ஐப்பசி 22, சனி

கடைக்கு ஒருவரும் வரவில்லை. ஒட்டடை அடித்தேன்.

ஐப்பசி 28, வெள்ளி

கொத்தமல்லி அம்மாள் மட்டும் வந்தாள். கீரை விதை வாங்கினாள். "மொளைக்குமுங்களா?" என்றாள். வழக்கமாகக் கேட்கிற கேள்விதான். ஆனால் கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் முன்பு அப்படி நின்றதில்லை.

கார்த்திகை 1, திங்கள்

மார்கழிப் பட்டத்துக்குப் புதுக் கடலை வந்திருக்கிறது. நூறு எண்ணி ஈரச் சாக்கில் வைத்தேன். இந்த முறை சாக்கை உள்ளே வைக்கவில்லை. கடை வாசலில் பெஞ்சு போட்டு அதன் மேல் வைத்திருக்கிறேன். யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்க்கலாம்.

அத்தியப்பனின் மகன் மாமியார் வீட்டுக்கு மூன்று நடை நடந்துவிட்டானாம். வெண்டை காய்க்கட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று கோகிலா சொல்லி அனுப்பினாளாம். பூங்காவனம் சொன்னாள். இரண்டு வாரத்தில் என்னோடு அவள் பேசிய முதல் பேச்சு அது.

கார்த்திகை 6, சனி

காலையில் சாக்கைப் பிரித்து எண்ணினேன். நல்ல முளை. சிலேட்டில் "நூற்றுக்கு 93" என்று எழுதி வாசலில் சாய்த்து வைத்தேன்.

பத்து மணிக்குக் கோகிலா அந்த வழியாகப் போனாள். பஸ்ஸுக்குப் போகிறவள் போல இருந்தது. சிலேட்டைப் பார்த்து நின்றாள். உள்ளே வரவில்லை. பெஞ்சு முன்னால் குனிந்து, விரலால் தொட்டுத் தொட்டு வரிசை வரிசையாக எண்ணினாள். அந்த விரல்களில் ஒரு வடுவும் இல்லை. நான் கல்லாவை விட்டு எழுந்து நின்றேன்.

எண்ணி முடித்து நிமிர்ந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. சிலேட்டைப் பார்த்து, "தொண்ணூத்தி ரெண்டு" என்றாள். போய்விட்டாள்.

நான் போய் மறுபடி எண்ணினேன். ஏழாவது வரிசையில் ஒரு பருப்பு ஊறி வெடித்திருந்தது, முளை இல்லை. அதை நான் முளை என்று எண்ணியிருக்கிறேன். தெரிந்து எண்ணினேனா, தெரியாமலா என்று இப்போதும் எனக்கே நிச்சயமில்லை.

தொண்ணூற்று இரண்டுதான். அழித்து எழுதினேன்.